பெல்ட்டுக்கு எண்ணெய் ஊற்றியவள்

எங்கள் வகுப்பில் அப்பா கப்பலில் இருக்கிற பிள்ளை நான் ஒருத்திதான். சின்னமனூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. கடல் பார்க்க ஆசைப்பட்டால் பல மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் கப்பல்காரர் மகளாக இருப்பது லேசுப்பட்ட காரியமா? நான்காம் வகுப்புவரை அந்தப் பெருமையிலேயே காலம் தள்ளினேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு வாயாடி, "ஒங்கப்பாதான் கப்பல ஓட்டுறாரா?" என்று கேட்டுத் தொலைத்தாள். எனக்குத் தெரியாததால், அடுத்த முறை போன் வந்தபோது அப்பாவிடமே கேட்டேன். "ஓட்டுறது கேப்டன், ஆத்தா. நான் என்ஜின் ரூம்ல பெல்ட்டுப் பாக்குறேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். நானும் மறுநாள் போய் அதை அப்படியே ஒப்பித்தேன். அந்த வருஷம் முடியும்வரை வகுப்பில் எனக்குப் பெயர் பெல்ட்டு.

அப்பா வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் இழுவைக் கப்பலில் ஃபிட்டர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற சின்னக் கப்பல் அது. சின்னக் கப்பல்தான் என்றாலும் என்ஜின்கள் இரண்டும் ராட்சச என்ஜின்களாம். அவற்றின் முன்பக்கத்தில் பெல்ட்டுகள் ஓடும். என்ஜின் சூடேறாமல் இருக்கக் கடல் தண்ணீரை இழுத்துக் கொடுக்கிற பம்பை அந்த பெல்ட்டுகள்தான் சுற்றுகின்றன. பெல்ட் அறுந்தால் தண்ணீர் ஏறாது. தண்ணீர் ஏறாவிட்டால் என்ஜின் கொதித்து நின்றுவிடும். நடுவழியில் நின்றுபோனால், கயிற்றின் மறுமுனையில் வருகிற பெரிய கப்பல் இவர்கள் மேலேயே ஏறிவிடும்.

இதையெல்லாம் அப்பா போனில்தான் சொல்லுவார். வேறு என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "சாப்பிட்டியா", "படிக்கிறியா" இரண்டும் சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு அப்பா பெல்ட்டுக்கு வந்துவிடுவார். என்ஜினைக் கிளப்பும் முன்னால் தினமும் டார்ச் அடித்துப் பார்ப்பாராம். கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் போனால் தொய்வு, போகவே இல்லை என்றால் இறுக்கம். மடக்கிப் பார்த்தால் வெடிப்புத் தெரியக் கூடாது. கீழே கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தால் பெல்ட் தேய்கிறது என்று அர்த்தம். மூன்று பெல்ட்டில் ஒன்று போனாலும் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், பழசும் புதுசும் ஒன்றாக ஓடாது. நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். மனப்பாடச் செய்யுளைவிட எனக்கு இது நன்றாக வரும்.

வீட்டின் முன்பக்கத்தில் அம்மா மாவு மில் நடத்தினாள். அரிசிக்கு ஒரு மெஷின், மிளகாய்க்கு ஒரு மெஷின். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடே இரைந்துகொண்டிருக்கும். நான் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்ல வாயைத் திறந்தால், கேட்கவில்லை என்று அம்மா கையை ஆட்டுவாள். தலை, புருவம், இமை எல்லாம் மாவு படிந்து நிற்பாள். பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவேன், அவள் அடுப்படியைக் கைகாட்டுவாள். சனி ஞாயிறுகளில் நாங்கள் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, கம்பி வலை போட்ட மூடிக்குள்ளே மூன்று பெல்ட்டும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா இந்நேரம் இதேபோல ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்புதான் எனக்குத் துணை.

ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அதுதான் அப்பாவின் கணக்கு. வந்த புதிதில் எனக்கு ஒரே கூச்சமாக இருக்கும். அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றே பதில் சொல்லுவேன். கூச்சம் தெளிய ஒரு மாதம் ஆகும். அடுத்த மாதம் மெல்ல ஒட்டிக்கொண்டு, ஆசையாக நாலு வார்த்தை பேச ஆரம்பிக்கும்போது அப்பா பெட்டியைக் கட்டுவார். அடுத்த லீவில் மறுபடி முதலிலிருந்து கூச்சம்.

லீவில் வந்தாலும் மனிதருக்குச் சும்மா இருக்க வராது. காலையில் பல் விளக்கியதும் மில்லுக்குள் போய்விடுவார். மெயினை அணைத்து, ஃபியூஸைக் கையோடு பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் மெஷினைத் தொடுவார். டார்ச், கட்டை விரல், கறுப்புத் தூள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். மாவு அரைக்க வருகிற பொம்பளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. "என்னண்ணே, மில்லு எந்த ஊருக்குக் கிளம்புது?" என்று கேலி பேசுவார்கள். அப்பா சிரிக்காமல், "பெல்ட்டுல எண்ணெய் மட்டும் படவே கூடாதும்மா. பட்டா வழுக்கும், ஊறிப்போகும், அம்புட்டுதான்" என்று பாடம் நடத்துவார். அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு மாவுச் சட்டியைத் தூக்குவார்கள்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அப்பா கிளம்புவதாக ஏற்பாடு. எனக்கு நினைவு தெரிந்து ஒரு தீபாவளிக்குக்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. மற்ற வீடுகளில் அப்பாமார் வெடியைக் கொளுத்திவிட்டு ஓடிவருவதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். இந்த முறை வீட்டுக்கு வந்தும்கூட இருக்கப்போவதில்லை என்றதும் எனக்குத் தாங்கவில்லை. இருங்கள் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் சொன்னேன், "சம்பாதிக்க வேணாமாடி?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அப்பாவிடம் சொல்லக் கூச்சம்.

அப்போதுதான் போன லீவு நினைவுக்கு வந்தது. கிளம்புகிற அன்று பார்த்து மில் மோட்டார் எரிந்துபோனது. "கெட்டுப்போனத அப்படியே போட்டுட்டு நான் கப்பல் ஏற மாட்டேன்" என்று அப்பா மூன்று நாள் பயணத்தைத் தள்ளிப்போட்டார். மோட்டாரை எரிக்க எனக்குத் தெரியாது. ஆனால் பெல்ட்டை எப்படிக் கெடுப்பது என்று அப்பாவே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாரே!

அவர் கிளம்ப மூன்று நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள், அப்பா குளிக்கப் போயிருந்தார். மில் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துப்போய், கம்பி வலையின் இடுக்கு வழியாக அரிசி மெஷின் பெல்ட்டுகள்மேல் ஊற்றினேன். கொஞ்சமாக ஊற்றினால் போதாதோ என்று பயந்து முக்கால் பாட்டிலையும் கவிழ்த்தேன். பாதி தரையில் கொட்டியது. பாவாடையால் துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இட்லி சாப்பிட உட்கார்ந்தேன்.

தீபாவளி நேரம். முறுக்கு மாவுக்குக் காலையிலேயே ஏழெட்டுப் பேர் பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். அம்மா சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், மெஷின் அலறியது பாருங்கள், தெருவே எட்டிப்பார்த்தது. மோட்டார் சுற்றுகிறது, மெஷின் நகர மாட்டேன் என்கிறது. புகை வேறு. ரப்பர் கருகுகிற நாற்றத்தோடு தேங்காய் எண்ணெய் காய்கிற வாசனையும் கிளம்ப, வரிசையில் நின்ற ஒருத்தி, "யாத்தே, மில்லுக்குள்ளயே முறுக்குச் சுடுறாக போலருக்கு!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஈரத்தலையோடு அப்பா ஓடிவந்தார். மெயினை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கினார். மூடியைக் கழற்றிப் பெல்ட்டைத் தொட்டார். விரலோடு விரலைத் தேய்த்தார், மோந்து பார்த்தார். அந்த எண்ணெய் அம்மா செம்பருத்தியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சியது. எங்கள் வீட்டில் என் தலையைத் தவிர வேறு எங்கும் அந்த வாசனை கிடையாது. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், சடையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "பெல்ட்டு பழசாப் போச்சு. மூணையும் மாத்தணும்" என்றார். அவ்வளவுதான்.

அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அடிக்காமல் விட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அதற்கு நாலு நாள் முன்னால்தான் மாமாவிடம் அப்பா கப்பல் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். வேலைக்குப் புதிதாக வந்த ஒருவன் பெல்ட் மூடிமேல் துணியைக் காயப்போட்டானாம், பெல்ட் அதை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்ததாம். "ஒண்ணுமே சொல்லலையா மச்சான்?" என்று மாமா கேட்டார். "தப்புப் பண்ணுனவன நாலு பேரு முன்னாடி வையக் கூடாது. பெறகு தனியாக் கூட்டிட்டுப் போயி வச்சுக்கிருவேன்" என்றார் அப்பா. ஆக, என்னையும் தனியாகக் கூட்டிக்கொண்டு போகிற நேரத்துக்காகத்தான் காத்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

மறுநாளே அந்த நேரம் வந்தது. சனிக்கிழமை. சட்டையை மாட்டிக்கொண்டே அப்பா கேட்டார்.

"ஆத்தா, பெல்ட்டு வாங்கத் தேனிக்குப் போறேன். நீயும் வாரியா? பஸ் ஸ்டாண்டுல பப்ஸ் வாங்கித் தாரேன்."

"ஏன், இங்கனயே கடையில கெடைக்குமே" என்றாள் அம்மா.

"இங்கன கெடைக்கிறதெல்லாம் டூப்ளிகேட்டு."

போக முக்கால் மணி, வர முக்கால் மணி, பக்கத்து சீட்டில் அப்பா. பப்ஸ் ஆசை காட்டித்தான் கூட்டிப் போவார்கள் என்று எனக்குத் தெரியாதா! வயிறு வலிக்கிறது என்று பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். அப்பா தனியாகப் போய்விட்டு மத்தியானம் வந்தார். வாங்கி வந்த பெல்ட்டுகள் சின்னதாக இருந்தன. மாட்டவே முடியவில்லை. "நம்பர் தப்பாப் போச்சு" என்று தலையைச் சொறிந்தார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "கப்பலுக்கே பெல்ட்டுப் பாக்குறேங்கிறீக, ஒரு நம்பரு பாத்து வாங்கத் தெரியலையா? மிளகா மெஷின்லருந்து கழட்டியாவது மாட்டுங்க" என்றாள். அதில் இரண்டுதான் இருக்கிறது, இதற்கு மூன்று வேண்டும், கலந்து மாட்டக் கூடாது என்று அப்பா முணுமுணுத்தார். முறுக்கு மாவுக்காரர்கள் எல்லாரும் அடுத்த தெரு மில்லுக்குப் போனார்கள். அப்பா, கப்பலுக்கு ஆள் அனுப்புகிற சென்னை ஏஜெண்டுக்குப் போன் போட்டு, மில் ரிப்பேர், இப்போது வர முடியாது என்றார். என் திட்டம் பலித்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட விட்டால்தானே!

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும், "ஏ ஆத்தா, தேனிக்கு வாரியா? தீபாவளிக்கு ஒனக்குப் புதுத்துணி எடுத்துட்டு வந்துரலாம்" என்றார். நான் வீட்டுப்பாடம் என்றேன். புதுத்துணியை வேண்டாம் என்று சொன்ன பிள்ளையின் நெற்றியில் அம்மா கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள். அப்பா சாயங்காலம் ஒரு பச்சைப் பாவாடையும் மூன்று பெல்ட்டும் கொண்டுவந்தார். நம்பர் சரிதான், ஆனால் இரண்டு ஒரு கம்பெனி, ஒன்று வேறு கம்பெனி. பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்று மட்டும் ஒரு விரல் அளவு நீளமாக இருந்தது. அம்மா அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அரிசிக்கு ஆள் வராததால் மிளகாய் மெஷினும் சும்மா கிடந்தது, வீடு அமைதியாக இருந்தது. பகல் நேரத்திலும் அங்கே ஒருவர் பேசினால் மற்றவருக்குக் கேட்கும். பேசத்தான் யாரும் இல்லை. அப்பா கூடத்துக்கு வந்தால் நான் கொல்லைக்குப் போனேன். அவர் கொல்லைக்கு வந்தால் நான் தெருவுக்குப் போனேன். அவர் சாப்பிட உட்கார்வதற்குள் அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்தேன். திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பள்ளிக்கூடம் போய், பூட்டிய வகுப்பு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அப்பாவை வீட்டில் நிறுத்திவைத்துவிட்டு நான் ஊரெல்லாம் ஒளிந்து திரிந்தேன். ஒன்பது மாதம் அவர் கடலில் இருக்கும்போதுகூட இப்படித் தனியாக இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டார்கள். அப்பா குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். இந்தமுறை பப்ஸும் இல்லை, துணியும் இல்லை.

"வாரியா ஆத்தா?" என்று மட்டும் கேட்டார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு, வரவில்லை என்று தலையாட்டினேன். அவர் குடையை விரிக்காமல் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு போய்விட்டார். அன்று பெல்ட்டுகள் மூன்றும் சரியாக இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே நீளம். நூல் பிடித்து இரண்டு சக்கரத்தையும் நேர் பார்த்தார், மாட்டினார், கட்டை விரலால் அழுத்தினார். அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஒருமுறை இறுக்கினார். மெஷின் பிசிறில்லாமல் ஓடியது. அன்று மத்தியானமே முறுக்கு மாவுக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அப்பா கிளம்பினார். தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. ஆக நான் பட்ட பாட்டுக்கெல்லாம் கிடைத்தது இரண்டே நாள். வாசலில் நின்று என் பக்கமாகக் கையைத் தூக்கினார். கடைசியில் குட்டு விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையைக் குனிந்தேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கை சட்டைப் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனாள். அந்தத் தீபாவளிக்குப் பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு, அப்பா வாங்கிவைத்துவிட்டுப் போன வெடியை வாசலில் வைத்துக் காவல் காத்தேன். கொளுத்த ஆளில்லாததால் பக்கத்து வீட்டுப் பையன்களிடம் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் மில்லுக்கு மறுபடி பெல்ட் மாற்றினோம். இப்போது நான் தேனியில் வேலை பார்க்கிறேன். வருகிற வழியில் நானே வாங்கிவந்தேன். அரிசி மெஷினுக்கு மேலே சுவரில், மில் ஆரம்பித்த வருஷமே அப்பா சிவப்புப் பெயிண்டில் பெல்ட் நம்பரைப் பெரிதாக எழுதிவைத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத எழுதி வச்சுக்கிட்டே அப்பா தப்பா வாங்கிட்டு வந்தாரேம்மா!" என்றேன்.

அம்மா மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். "அவுகளுக்கா நம்பரு தெரியாது?" என்றாள்.

நான் விடாமல் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாகச் சொன்னாள். எண்ணெய் ஊற்றியது நான் என்று அப்பாவுக்கு அன்றே தெரியுமாம். தீபாவளி முடித்துவிட்டே வாருங்கள் என்று ஏஜெண்டு சொல்லிவிட்டானாம். "ஒன்னையத் தனியா பஸ்ல ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகணும், நாலு வார்த்த பேசணும்னு அவுகளுக்கு ஆச. வீட்டுக்குள்ள அவுகளுக்கும் பேச வராதுல்ல. நீ வரலன்னதும், திரும்ப ஒருக்கா கூப்புடலாம்னு மாத்தி மாத்தி வாங்கிட்டு வந்துருக்காக. எனக்கே தெரியாது. போற அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல வச்சுத்தான் சொன்னாக. ஒன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாக."

"பெறகு ஏம்மா தீபாவளிக்கு முன்னாடியே போனாரு?"

அம்மா சல்லடையைக் கீழே வைத்தாள். "'பிள்ள என்னையத் தேடித்தான் எண்ணெய ஊத்திருக்குன்னு நெனச்சேன். இல்ல போலருக்கு. கிட்ட போனாலே மெரளுது. நான் இருந்து அத எதுக்குப் பயமுறுத்திக்கிட்டு'ன்னாக."

யாரோ அரிசியோடு வந்துவிட்டார்கள். அம்மா எழுந்துபோய் சுவிட்சைப் போட்டாள். அதற்குமேல் அவள் சொன்னாலும் எனக்குக் கேட்டிருக்காது. பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், செய்த தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அடிப்பார்கள் என்பதுதான். கண்டுபிடித்தவர் அதற்காகச் சந்தோஷப்பட்டிருப்பார் என்று தெரியாது.